மட்டை, முள், சருகு, நார்: செட்டிநாட்டுக் கொல்லைக் கழிவை மட்க வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, புதுக்கோட்டை, சிவகங்கை வழியாக மேற்கே போனது. காற்று ஓய்ந்து கொல்லைக் கதவைத் திறந்தால் தென்னை மூன்று சாய்ந்து கிடந்தன. மரத்தை அறுத்து எடுத்துப் போக ஆள் கிடைத்தார்கள். மட்டையை எடுக்க யாரும் வரவில்லை. என் எருக்குழிப் பழக்கம் அந்தக் குவியலில்தான் தொடங்கியது.

எங்கள் வீடு காரைக்குடிக்குப் பக்கத்தில், செம்மண் பூமியில் இருக்கிறது. இப்போது பதினொரு தென்னை, இரண்டு வேம்பு, ஒரு மா, முகப்பில் காகிதப்பூ, மதில் ஓரம் அரளி. சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் என்னிடம் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன். காய்கறித் தோல், பழத்தோல் பற்றி இதில் இல்லை. அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இது முரட்டுக் கழிவுக்கு மட்டும்.

தென்னை மட்டை மட்கவே மட்காது என்கிறார்களே?

மட்கும். ஆனால் தானாக, போட்ட இடத்தில், காய்ந்து கிடந்தபடியே மட்காது.

உங்கள் வீட்டுப் பரணில் அப்பத்தா காலத்துப் பனையோலைக் கொட்டான் இருந்தால் எடுத்துப் பாருங்கள். சாயம் மங்கியிருக்கும், ஓலை அப்படியே இருக்கும். அதே ஓலையை நறுக்கி, ஈரமாக, சாணத்தோடு குழியில் போட்டால் ஒரு வருடத்தில் கையில் பிசையும்போது உதிரும். இரண்டும் ஒரே ஓலைதான். ஒன்று காய்ந்தே இருந்தது, மற்றது நனைந்தே இருந்தது.

செடியின் உடம்பில் சர்க்கரை, மாவுச்சத்து, செல்லுலோஸ் என்று நுண்ணுயிர்கள் விரும்பித் தின்பவை உண்டு. அவற்றைச் சுற்றிக் காரை பூசியதுபோல லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. மரத்துக்கும் மட்டைக்கும் நாருக்கும் விறைப்பைக் கொடுப்பது அதுதான். சாதாரண பாக்டீரியாவால் அதை அவ்வளவாக உடைக்க முடியாது. வெள்ளை நூல் மாதிரிப் படரும் சில பூஞ்சைகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் வேண்டும். உச்சி வெயிலில் காயும் குவியலில் அது பிழைக்காது.

இன்னொரு காரணம் தழைச்சத்து (நைட்ரஜன்) பஞ்சம். நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு சரியாக அமைய, ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிச்சத்து இருந்தால் போதும். தென்னை நார்க்கழிவில் இது ஒன்றுக்கு 112 என்று தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிறது. வெறும் மட்டையைக் குவித்து வைப்பது, குழம்பு இல்லாமல் சோற்றை மட்டும் மலையாகப் பரிமாறுவது போல. யாரும் தொட மாட்டார்கள்.

எல்லாவற்றையும் ஒரே குழியில் போடலாமா?

போடலாம், ஆனால் பிறகு வருத்தப்படுவீர்கள். நான் முதல் வருடம் அப்படித்தான் போட்டேன். வேப்பிலை மூன்று மாதத்தில் மண்ணாகிவிட்டது. அதற்குள் அடிமட்டைகள் எலும்புக்கூடு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. மண்வெட்டி உள்ளே இறங்கவில்லை.

இப்போது மூன்று வகையாகப் பிரிக்கிறேன். கீற்று, சருகு, பச்சைத் தழை, சுண்டுவிரல் கனத்துக்குள் இருக்கும் மிலாறு எல்லாம் எருக்குழிக்குப் போகும். மட்டையின் நடுப்பகுதி, வாழைத்தண்டு, பாளை, பன்னாடை ஆகியவை தனிக் குழிக்கு. அதை ஒரு வருடம் கிளறுவதில்லை. அடிமட்டை, கட்டைவிரலை விடக் கனமான கிளை, கொட்டாங்கச்சி ஆகியவை மட்கு வேலைக்கே வராது. அவை அடுப்புக்கும், மண் காயாமல் மேலே பரப்பும் மூடாக்குக்கும்.

பிரிக்கிற வேலையை மட்டை விழுந்த அன்றே செய்துவிடுங்கள். ஒரு தென்னை வருடத்துக்கு ஏறக்குறைய பன்னிரண்டு மட்டை விடும், மாதம் ஒன்று. என் பதினொரு மரத்துக்கு நூற்று முப்பதுக்கு மேல். ஆடிக்காற்றில் ஒரே வாரத்தில் பத்து விழும். சேர்த்து வைத்து ஒரு நாள் பார்ப்போம் என்றால் அந்த நாள் வரவே வராது.

மட்டையை நறுக்க இயந்திரம் வாங்க வேண்டுமா?

ஐந்து பத்து மரத்துக்கு வேண்டாம். ஒரு வெட்டரிவாளும் அடியில் வைக்க ஒரு புளியங்கட்டையும் போதும். முதலில் கீற்றை மட்டையிலிருந்து உரித்துக்கொள்ளுங்கள். விளக்குமாற்றுக்கு ஈர்க்கு வேண்டியவர்கள் அப்போதே சீவி எடுத்துவிடலாம். ஈர்க்குதான் கீற்றில் மெதுவாக மட்கும் பகுதி. கீற்றைக் கட்டாகப் பிடித்து நான்கு விரல் நீளத்துக்கு வெட்டுங்கள். மட்டையை ஒரு சாண் துண்டாக்கி, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிடுங்கள். குறுக்கே வெட்டுவதை விடப் பிளப்பதுதான் முக்கியம். மட்டையின் வெளித்தோல் வழவழப்பானது, தண்ணீர் உள்ளே போகாது. பிளந்தால் உள்ளே இருக்கும் சோற்றுப்பகுதி திறந்துகொள்ளும்.

வெட்டச் சோம்பலாக இருந்தால் ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. 1920களில் இந்தூரில் இருந்த ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்ட், நம் விவசாயிகளிடம் பார்த்ததையும் சேர்த்து, இன்று இந்தூர் முறை என்று சொல்லப்படும் எருத் தயாரிப்பை வகுத்தார். அங்கே முரட்டுப் பருத்திமார் மட்காமல் தொந்தரவு செய்தது. அவர்கள் அதைப் பண்ணையின் வண்டிப்பாதையில் பரப்பிவிட்டார்கள். வண்டிச் சக்கரம் ஏறி ஏறி நசுங்கிய பிறகு அள்ளி எருவில் சேர்த்தார்கள். நான் வாசல் கேட்டுக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் நடுவில் மட்டையைப் பரப்புகிறேன். பத்து நாளில் நார் நாராகிவிடும். வந்து போகிறவர்கள் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள்.

கொல்லை பெரியது, ஐம்பது மரம் என்றால் கதை வேறு. மட்டையைத் தூளாக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து வருடத்துக்கு இரண்டு முறை ஓட்டுங்கள். மாட்டுத் தீவனம் வெட்டும் சிறிய சாப் கட்டர் கீற்றை வெட்டும். மட்டையைக் கொடுத்தால் கத்தி மழுங்கி பெல்ட் வழுக்கும்.

குழியா, குவியலா, தொட்டியா?

நம் பக்கத்துக்குக் குழி. காற்றும் வெயிலும் ஈரத்தை உறிஞ்சிவிடும் ஊரில் தரைக்கு மேல் குவித்தால் தண்ணீர் ஊற்றி மாளாது. நான்கடி அகலம், ஆறடி நீளம், இரண்டடி ஆழம் வெட்டி, அதற்கு மேல் ஒன்றரை அடி வரை அடுக்குகிறேன். செம்பாறை மேலாகவே தட்டுப்படும் இடத்தில் கடப்பாரையோடு சண்டை போட வேண்டாம். ஓரடி வெட்டிவிட்டு மீதியைச் சுற்றிலும் செம்புராங்கல் அடுக்கி உயர்த்திக்கொள்ளுங்கள். கல்லுக்கு இடையில் சாந்து பூசாதீர்கள், அந்த இடுக்கு வழியாகத்தான் காற்று போகும்.

மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்ட விவசாயி நாராயண் பாண்டரிபாண்டே வகுத்த நாடெப் தொட்டியும் இதே கணக்குதான்: பத்தடி நீளம், ஆறடி அகலம், மூன்றடி உயரம், செங்கல் சுவரில் இடையிடையே ஓட்டை. இடமும் செங்கல்லும் இருந்தால் நல்ல முறை. ஒரு வீட்டுக் கொல்லைக்குக் கொஞ்சம் பெரிது.

எதுவானாலும் மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி உயரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதை விடச் சிறியதில் சூடு தங்காது.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் குழிக்கு எதிர்ப் பிரச்சினை: தண்ணீர் தேங்கும். மேலே பழைய தகரமோ பின்னிய கிடுகோ சாய்வாக வையுங்கள், ஒரு பக்கம் வாய்க்கால் மாதிரி வெட்டிவிடுங்கள்.

இன்னொன்று, கேட்டவர் ஒருவர் இருப்பதால் சொல்கிறேன். பிளாஸ்டிக் தொட்டியில் போட்டுப் பின்கட்டுத் தாழ்வாரத்தில் வைக்கலாமா என்றால், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைக்காதீர்கள். கசியும் சாறு சிமெண்டுக் கல்லில் ஊறிக் கறையாகும். என்ன தேய்த்தாலும் போகாது.

அடுக்குவது எப்படி?

முதல் வேலை ஊறப்போடுவது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள், பிறகு ஆறு மாதமாகியும் அப்படியே இருக்கிறது என்கிறார்கள். வெட்டிய கீற்றையும் மட்டையையும் பழைய சிமெண்டுத் தொட்டியிலோ அண்டாவிலோ இரண்டு நாள் ஊற வையுங்கள். தண்ணீரில் இரண்டு கை சாணம் கரைத்துவிட்டால் இன்னும் நல்லது. காய்ந்த மட்டைமேல் பூவாளியால் தெளிப்பது வாத்து முதுகில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

குழியின் அடியில் விரல் கனச் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அரை அடிக்கு. காற்று போக அது வழி. அதன்மேல் ஊறிய முரட்டுக் கழிவு அரை அடி. அதன்மேல் பச்சைத் தழை நான்கு விரல்: கிளைரிசிடியா, அகத்தி, எருக்கு, கரட்டுக் காட்டில் தானாக முளைக்கும் கொழிஞ்சி, ஆவாரை, எது கிடைக்கிறதோ அது. அதன்மேல் சாணக் கரைசல் ஒரு குடம். மேலே இரண்டு கை கொல்லை மண் அல்லது பழைய மட்கு. பிறகு மறுபடி முரட்டுக் கழிவிலிருந்து தொடங்குங்கள். ஐந்தாறு அடுக்கில் குழி நிறையும். உச்சியில் சருகையோ பழைய சாக்கையோ போட்டு மூடுங்கள்.

மூன்றாம் நாள், நான்காம் நாள் சூடு ஏறும். தெரிந்துகொள்ள ஒரு கடப்பாரையை நடுவில் குத்தி, ஐந்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கையில் பிடித்திருக்க முடியாத சூடு இருந்தால் உள்ளே ஏறக்குறைய 55, 60 டிகிரி. களை விதையும் நோய்க் கிருமியும் பெரும்பாலும் அந்தச் சூட்டில் சாகும். சூடு குறைந்ததும், சுமார் மூன்று வாரத்தில், வெளியில் இருப்பதை உள்ளேயும் உள்ளே இருப்பதை வெளியிலும் போட்டு ஒரு புரட்டல். அப்புறம் மாதம் ஒரு முறை.

சாணத்துக்கு எங்கே போவது? தெருவில் மாடே இல்லையே.

ஆட்டுப் புழுக்கை கிடைக்கும், கோழி எரு கிடைக்கும். கோழி எரு காரமானது, சாணத்தில் பாதி அளவு போதும். எதுவுமே இல்லையென்றால் கடலைப் புண்ணாக்கு ஒரு கிலோவை ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊற வைத்து ஊற்றுங்கள். நாறும், ஆனால் வேலை செய்யும்.

ஆட்டுப் புழுக்கையில் ஒரு எச்சரிக்கை. நம் பக்க ஆடுகள் சீமைக்கருவேல நெற்றைத் தின்று வளர்கின்றன. அந்த விதை ஆட்டு வயிற்றைத் தாண்டியும் முளைக்கும். குழியின் நடுவில், சூடு ஏறும் இடத்தில் போடுங்கள். மேலாகத் தூவினால் அடுத்த மழைக்குக் கத்தரிப் பாத்தியில் கருவேலங்கன்று நிற்கும்.

யூரியா போடலாமா? இயற்கை உரம் என்று சொல்லிவிட்டு யூரியாவா?

என் கருத்து: செடிக்குப் போடுவது வேறு, குழிக்குப் போடுவது வேறு. குழியில் விழும் யூரியாவை நுண்ணுயிர்கள்தான் தின்கின்றன. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் நார்க்கழிவு முறையே ஒரு டன்னுக்கு ஐந்து கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்து ஐந்து புட்டியும் அடுக்கடுக்காகப் போடச் சொல்கிறது. அப்படிச் செய்தால் முன்பு சொன்ன 112 என்ற எண் 24 ஆகக் குறைகிறது. வீட்டுக் கணக்கில் நூறு கிலோ காய்ந்த கழிவுக்கு அரைக் கிலோ யூரியா, தண்ணீரில் கரைத்து. மனம் ஒப்பவில்லையென்றால் கோமியமும் புண்ணாக்கும் இருக்கவே இருக்கின்றன. நான் பச்சைத் தழை குறையும் சித்திரை, வைகாசியில் மட்டும் போடுகிறேன்.

அந்தச் சிப்பிக் காளான் கணக்கில்தான் ஒரு நல்ல வழியும் இருக்கிறது. லிக்னினைத் தின்னும் பூஞ்சை அதுவேதான். பக்கத்தில் காளான் வளர்ப்பவர் இருந்தால் அறுவடை முடிந்து தூக்கிப் போடும் வைக்கோல் படுகையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு குழிக்கு இரண்டு மூன்று படுகை உடைத்துப் போட்டால் மட்டை இளகுவது கண்ணுக்கே தெரியும். ஆனால் சூடு தணிந்த பிறகு போட வேண்டும். கொதிக்கும் குழியில் அதுவும் வெந்துவிடும்.

கடையில் விற்கும் மட்கு பொடி, திரவம் எல்லாம் தேவையா?

தேவையில்லை. போட்டால் கெடுதலும் இல்லை. காசியாபாத்தில் உள்ள தேசிய இயற்கை வேளாண் மையம் வெளியிட்ட வேஸ்ட் டீகம்போசர் மலிவானது: 200 லிட்டர் தண்ணீர், இரண்டு கிலோ வெல்லம், ஒரு புட்டி, ஒரு வாரத்தில் கரைசல் தயார். நான் பயன்படுத்தியிருக்கிறேன். நறுக்காத, நனையாத மட்டைமேல் எதை ஊற்றினாலும் நடக்காது. நறுக்கி நனைத்ததன்மேல் பழைய மட்கு ஒரு கூடை போட்டாலே நடக்கும்.

குடிக்கவே தண்ணீர் பார்த்துச் செலவழிக்கிற ஊரில் குழிக்கு ஊற்றுவதா?

நியாயமான கேள்வி. அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய முதல் தண்ணீர், துணி அலசிய கடைசித் தண்ணீர் போதும். சோப்பு நுரை அதிகமுள்ள தண்ணீர் மட்டும் வேண்டாம். குழியை நன்றாக மூடி வைத்தால் வாரத்துக்கு மூன்று நான்கு குடத்துக்கு மேல் எனக்குச் செலவாவதில்லை. ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் அதிகம். கை ஈரமே ஆகவில்லையென்றால் அதுதான் உங்கள் குழி நகராததற்குக் காரணம்.

குழியில் கட்டைவிரல் கனத்துக்கு வெள்ளைப் புழு! மண்புழு மாதிரி நல்லதா?

தென்னை வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலை மட்டுமாவது படியுங்கள். அது பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழு. பழுப்புத் தலை, வெள்ளை உடம்பு, அரை வட்டமாகச் சுருண்டு கிடக்கும். எருக்குழியும் மட்கிய தென்னைக் கட்டையும்தான் அதன் பிரசவ அறை. அங்கே வளர்ந்து, வண்டாகிப் பறந்துபோய், தென்னையின் குருத்தைக் குடையும். பிறகு விரியும் மட்டை கத்தரியால் வெட்டியதுபோல விசிறி வடிவில் இருக்கும்.

என் முதல் குழியை எட்டு மாதம் புரட்டவே இல்லை. திறந்தபோது நாற்பதுக்கு மேல் புழு எண்ணினேன், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். அந்த ஆண்டு நட்டிருந்த தென்னம்பிள்ளை மூன்றில் இரண்டுக்குக் குருத்து போயிற்று. என் கையால் வளர்த்து என் மரத்துக்கே அனுப்பியிருக்கிறேன்.

அதன் பிறகு மாதம் ஒரு முறை புரட்டத் தவறுவதில்லை. புரட்டும் நாளில் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குக் கொல்லைக் கதவு திறந்திருக்கும். ஒரு புழு மிஞ்சாது. புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையைக் குழியில் கலக்கலாம். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். வண்டைப் பிடிக்க ஆமணக்குப் புண்ணாக்கு ஒரு கிலோவை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊற வைத்து, சிறிய மண்சட்டிகளில் ஊற்றித் தோப்பில் வைப்பது பழைய முறை. வாடைக்கு வந்து விழும்.

கிளறாமல் ஒரு வருடம் விடும் தனிக் குழியை அதனால்தான் மேலே முக்கால் அடி மண் போட்டு மிதித்து மூடுகிறேன். வண்டு முட்டையிட இறங்காமல் இருக்க அது ஓரளவு உதவுகிறது.

மண்புழு விட்டால் வேகமாகுமா?

சூடு முழுதும் அடங்கிய பிறகு விடலாம். காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் தென்னை ஓலைக்கென்றே யூட்ரிலஸ் வகைப் புழுவைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. பத்துப் பங்கு பழைய ஓலைக்கு ஒரு பங்கு சாணம் என்பது அவர்கள் கணக்கு. நம் வெயிலில் நிழலும் ஈரமும் தவறினால் புழு ஒரே வாரத்தில் காணாமல் போய்விடும். தினம் எட்டிப் பார்க்க ஆள் இருந்தால் செய்யுங்கள்.

குழியால் வீட்டுக்குக் கறையான் வராதா?

குழிக்குக் கறையான் எதிரியில்லை, அதுவும் மட்டையைத் தின்று மண்ணாக்குகிறது. வீட்டுக்குத்தான் பயம். பர்மாத் தேக்குத் தூணை அது எளிதில் தொடாது. பிற்பாடு போட்ட மலிவு மரச் சட்டங்கள்தான் அதற்குக் கொண்டாட்டம். நான் முரட்டுக் கழிவை விறகு அறைச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தேன். ஒரு கோடைக்குள் அந்த அறையின் நிலைக்காலுக்குள் மண் ஏறிவிட்டது. சுவரிலிருந்து இருபதடி தள்ளி வையுங்கள். காய்ந்த குவியலுக்குத்தான் கறையான் முதலில் வருகிறது. ஈரமாக, சூடாக இருக்கும் குழியில் அவ்வளவாக இல்லை.

பாம்பு?

வரும். எலி வந்தால் அதன் பின்னால் வரும், கதகதப்புக்கும் வரும். சோறு, எண்ணெய்ப் பண்டம் போடாதீர்கள். புரட்டும்போது கையை விடாமல் முள்கரண்டியோ மண்வெட்டியோ கொண்டு ஓரத்திலிருந்து கிளறுங்கள், செருப்பில்லாமல் நிற்காதீர்கள். மட்டைக் குவியலைத் தூக்கும்போது தேளும் பூரானும் அடியில் இருப்பது சகஜம். இருட்டிய பிறகு அந்தப் பக்கமே வேண்டாம்.

காகிதப்பூ வெட்டினால் மலை மாதிரி முள். அதை என்ன செய்வது?

பச்சையாகக் குழியில் போடாதீர்கள், இரண்டு காரணம். முள் கையைக் கிழிக்கும். ஈரத்தில் அந்தக் குச்சி வேர் விட்டுத் துளிர்க்கவும் செய்யும். முருங்கை, பூவரசு, கிளுவைக் கிளைகளும் அப்படியே. பழைய தார்ப்பாய் ஒன்றில் மூன்று வாரம் காய விட்டு, தடியால் நாலு சாத்து சாத்துங்கள். இலையும் பூவும் உதிரும். அதை அள்ளிக் குழிக்குப் போட்டு, முள் குச்சியை அடுப்புக்கோ வேலிக்கோ அனுப்புங்கள். முள்ளை மட்க வைக்க முயன்று எனக்குக் கிடைத்தது, இரண்டு வருடம் கழித்தும் கீரைப் பாத்தியில் உள்ளங்காலில் ஏறிய முள்தான்.

சீமைக்கருவேலுக்கும் இதே முறை. அதன் இலையில் தழைச்சத்து நன்றாக இருக்கிறது, வீணாக்க வேண்டாம். நெற்று மட்டும் ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது.

வேப்பிலை போட்டால் நுண்ணுயிர் செத்துவிடாதா? அரளி விஷமாயிற்றே? தைல இலை?

வேப்பிலை தாராளமாகப் போடலாம். பூச்சியை விரட்டும் அதன் கசப்புச் சத்து வெயிலிலும் ஈரத்திலும் சீக்கிரமே சிதைந்துவிடும். மாசி, பங்குனியில் கொட்டும் வேப்பஞ்சருகு எனக்கு வருடத்தின் பெரிய வரவு. மயில்கள் அதைக் கிளறி முற்றம் முழுக்கப் பரப்புவதற்குள் அள்ள வேண்டும்.

அரளியின் நஞ்சும் மட்கும்போது சிதைந்துவிடுகிறது. ஆனால் ஆடு மாடு எட்டும் இடத்தில் குவிக்காதீர்கள், எரிக்கவே எரிக்காதீர்கள். அந்தப் புகையும் நஞ்சு. தைலமரத் தோப்புப் பக்கம் வீடு உள்ளவர்கள் அந்த இலையை ஒரு மாதம் மழையிலோ வெயிலிலோ கிடத்திவிட்டு, குழியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாமல் சேருங்கள். அதன் எண்ணெய் முளைக்கும் விதையைத் தடுக்கும். முழுதும் மட்கிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. மாவிலை தோல் தடிப்பு, மெழுகுப் பூச்சு உண்டு. அதுவும் கார் சக்கரத்துக்கு.

நோய் வந்த தென்னை மட்டும் விலக்கு. அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடியும் தஞ்சாவூர் வாடல் நோயோ, சிவப்புக் கூன் வண்டு துளைத்த மரமோ இருந்தால், அந்த அடித்தண்டையும் வேரையும் குழிக்குக் கொண்டுவராதீர்கள். வெட்டி எரிக்கத்தான் வேண்டும். நான் எரிக்கச் சொல்லும் ஒரே இடம் இது.

தேங்காய் மட்டையும் கொட்டாங்கச்சியும்?

கொட்டாங்கச்சி அவ்வளவு எளிதில் மட்காது. கரியாக்கி, நொறுக்கி, சாணக் கரைசலில் ஊற வைத்து மட்கோடு கலந்தால் செம்மண்ணில் ஈரம் பிடிக்கும்.

உரித்த தேங்காய் மட்டையைக் குழியில் போட்டு இடத்தை அடைக்காதீர்கள், தென்னைக்கே திருப்பிக் கொடுங்கள். மரத்தைச் சுற்றி ஆறடி வரை, முதுகு மேலே இருக்கும்படி நூறு மட்டை கவிழ்த்து அடுக்கினால் மூடாக்கு. மரங்களுக்கு இடையில் வாய்க்கால் வெட்டிப் புதைப்பதென்றால் நேர்மாறாக, குழிவு மேலே இருக்க வேண்டும், கிண்ணம் மாதிரி தண்ணீர் பிடிக்க. கவிழ்ப்பதும் நிமிர்த்துவதும் மாறிப்போனால் பாதிப் பலன் போய்விடும். பலர் மாற்றித்தான் வைக்கிறார்கள்.

கல்யாண வீட்டு வாழை இலை, வாழை மரம், தோரணம்?

விசேஷம் முடிந்த மறுநாள் அள்ளினால் தங்கம், நான்காம் நாள் அள்ளினால் நாற்றம். வாழையில் சாம்பல் சத்து (பொட்டாசியம்) அதிகம், தண்ணீரும் அதிகம்; காய்ந்த மட்டைக்கு அதை விட நல்ல ஜோடி இல்லை. வாழைத்தண்டைச் சக்கரமாக நறுக்குங்கள், நீளமாக விட்டால் நார் மண்வெட்டியில் சுற்றிக்கொள்ளும். தோரணத்துக் கம்பி, சரிகை, பிளாஸ்டிக் நூல், பந்தல்காரர் விட்டுப்போன தெர்மாகோல் எல்லாவற்றையும் உட்கார்ந்து பிரித்தே ஆக வேண்டும். சாப்பிட்ட இலையில் மிச்சமிருந்தால் அதை நடு அடுக்கில் போட்டு மேலே மண் தூவுங்கள். பொங்கல் கரும்புச் சோகைக்கும் இதே ஊறல், இதே நறுக்கல்.

இவ்வளவு பாடு எதற்கு? ஒரு தீக்குச்சி போதுமே.

போதும்தான். அரை மணி நேரத்தில் தழைச்சத்தும் கந்தகச்சத்தும் புகையாகிப் பக்கத்து வீட்டு ஆச்சியின் மூச்சுக்குள் போகும், மிச்சம் ஒரு கூடைச் சாம்பல். நம் செம்மண்ணில் மட்கு மிகக் குறைவு. மழை பெய்தால் ஓடிவிடும், வெயில் அடித்தால் இறுகிவிடும். அந்த மண்ணுக்கு வேண்டியதைத்தான் நாம் கொளுத்துகிறோம். கொல்லைக் கழிவைத் தனியாகப் பிரித்துத் தன் இடத்திலேயே வைக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளும் சொல்லியிருந்தன. அடுப்புச் சாம்பலைக் குழியில் சிறிது தூவலாம், ஆனால் புதுச் சாணத்தோடும் யூரியாவோடும் சேர்க்காதீர்கள். தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். மூக்கைப் பிடிக்கும் காட்டம் வந்தால் அதுதான்.

நாங்கள் சென்னையில். வீடு பூட்டிக் கிடக்கிறது, காவலுக்கு ஒரு பெரியவர் மட்டும். என்ன செய்யலாம்?

அவரிடம் மாதம் ஒரு முறை புரட்டச் சொல்லாதீர்கள், நடக்காது. புரட்டாசியில், மழைக்கு முன், இரண்டடி ஆழ வாய்க்கால் ஒன்று வெட்டச் சொல்லுங்கள். விழுந்த மட்டைகளை மூன்று துண்டாக்கி அதில் போட்டு, சாணம் கரைத்து ஊற்றி, மண் தள்ளி மூட வேண்டியதுதான். ஐப்பசி மழை மற்றதைச் செய்யும். அடுத்த புரட்டாசிக்கு அதன் பக்கத்தில் இன்னொன்று. தைப்பூசத்துக்கோ குலதெய்வ வழிபாட்டுக்கோ நீங்கள் ஊருக்கு வரும்போது பழைய வாய்க்காலின்மேல் ஒரு மாங்கன்றோ நெல்லியோ நடுங்கள். மட்கைத் தோண்டி எடுக்கும் வேலைகூட இல்லை.

எப்போது தயார் என்று எப்படித் தெரியும்?

உயரம் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும், கறுத்திருக்கும், முதல் மழை மண் வாசம் வரும், சூடு இருக்காது. என் குழியில் கீற்றும் சருகும் ஐந்து மாதம், பிளந்த மட்டை பத்து முதல் பன்னிரண்டு மாதம். சந்தேகமிருந்தால் ஒரு தொட்டியில் அந்த மட்கை நிரப்பி வெந்தயம் தூவுங்கள். ஒரு வாரத்துக்குள் பச்சையாக, ஒழுங்காக முளைத்தால் எடுக்கலாம். மஞ்சளாகவோ கருகியோ வந்தால் இன்னும் ஒரு மாதம் விடுங்கள்.

மணல் சலிக்கும் சல்லடையில் சலியுங்கள். பொடி கீரைக்கும் தொட்டிக்கும். தென்னைக்கு மரத்துக்கு வருடம் ஐம்பது கிலோ தொழு உரம் என்பது வழக்கமான பரிந்துரை. அவ்வளவும் உங்கள் குழியில் கிடைக்காது, கிடைப்பதை மழை தொடங்கும்போது வட்டப்பாத்தியில் போட்டு மண்ணைக் கிளறிவிடுங்கள். சல்லடையில் நின்றுவிட்ட ஈர்க்கும் மட்டைத் துண்டும் வெள்ளை நூல் பூஞ்சையோடு இருக்கும். அதைத் தூக்கிப் போடாமல் அடுத்த குழியின் இரண்டாவது அடுக்கில் போடுங்கள்.